நல்லதண்ணி ஆகாத ஊர்

கித்தேரியின் தம்பி மெல்கியோர் விருந்துக்குப் போன வீட்டில் தண்ணீர் குடித்துச் செத்துப்போனான். அந்தத் தண்ணீரில் யாரும் எதையும் கலக்கவில்லை. மதுரையில் எல்லோரும் குடிக்கிற குழாய்த் தண்ணீர்தான். அதோடு கொஞ்சம் மோர், கொஞ்சம் பாயசம், வெயிலுக்கு இதமாக ஒரு பெரிய தம்ளர் நிறைய நன்னாரி சர்பத்.

மெல்கியோர் அங்கே லேத் பட்டறையில் வேலை பார்த்தான். பட்டறைக்கு எதிரே இருந்த அச்சகத்தில் திலகா என்று ஒரு பெண். இருவருக்கும் பிடித்துப்போய், அவள் வீட்டில் விஷயத்தைச் சொல்லி, பையனைப் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சொந்த ஊர் தூத்துக்குடி என்று அவன் சொல்லி வைத்திருந்தான். கோரைமுனை என்று சொல்லியிருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கோரைமுனைக்காரர்கள் எல்லோரும் மணிக்கட்டில் கட்டியிருக்க வேண்டிய நீலப்பட்டையைக் கழற்றி அறையில் வைத்துவிட்டுத்தான் போனான்.

அந்த வீட்டம்மா ஊற்ற ஊற்றக் குடித்தான். அவன் சட்டைப் பையில் உப்புப் பொட்டலம் இருந்தது. அதைப் பிரித்துத் தம்ளரில் கொட்டிக் கலக்கியிருந்தால் உயிர் தப்பியிருப்பான், கல்யாணம் நின்றிருக்கும். சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் வலிப்பு வந்து விழுந்தான். பக்கத்தில் நின்றவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்து வாயிலும் ஊற்றினார்கள். ஆஸ்பத்திரியில், கையில் நீலப்பட்டை இல்லாததால், வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதற்கப்புறம் அவன் கண் திறக்கவில்லை.

உடலைக் கோரைமுனைக்குக் கொண்டுவந்த வண்டியோடு திலகாவும் வந்திருந்தாள். கோயில் வாசலில் நின்றுகொண்டு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா" என்று கித்தேரியின் கையைப் பிடித்து அழுதாள். கித்தேரிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல், அந்தப் பெண்ணுக்குக் குடிக்க என்ன கொடுப்பது என்று யோசித்தாள். ஊரில் அவள் குடிக்கிற மாதிரி ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

கோரைமுனை என்பது கடலுக்குள் நாக்கு நீட்டின மாதிரி கிடக்கும் ஒரு மணல் திட்டு. ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள், பின்னால் உடைமரக் காடு. கித்தேரிக்குக் கல்யாணமான புதிதிலேயே கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரிக்கத் தொடங்கிவிட்டன. லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்து, குடத்துக்குக் குடம் சண்டை போட்டு, ஒரு கோடையில் லாரியும் வராமல் நின்றபோது பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு இரண்டு மூன்று சிறுபெட்டிகள் கல்லறைத் தோட்டத்துக்குப் போயின. அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வந்தார்கள். அவர்களோடு வந்தவள் மங்கையர்க்கரசி என்கிற டாக்டர். ஊருக்கு அவள் மங்கை டாக்டர்.

ஒரே ஒரு ஊசி. போட்டுக்கொண்டால் கடலோரத்து ஊற்றில் கசிகிற உப்புத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பயந்தவர்கள் பயந்தார்கள். கித்தேரியின் புருஷன் சிலுவைதான் முதல் ஆளாகக் கையை நீட்டினார். ஒரு வாரம் கழித்துக் கரையில் ஊர் கூடி நிற்க, கையால் ஊற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்துவிட்டு, "இளநி மாதிரில்லா இருக்கு!" என்றார். ஊரே ஊசி போட்டுக்கொண்டது. யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த வருஷத்துத் திருவிழாவில் மங்கை டாக்டருக்கு மாலை போட்டு மரியாதை செய்தார்கள். பிறகு பிறக்கிற குழந்தைகளுக்கும், தாய்ப்பாலே உப்பாக இருக்கிறபடியால், சொட்டு மருந்தோடு சேர்த்து அந்த ஊசியும் போட்டார்கள்.

நல்ல தண்ணீர் தங்களுக்கு ஆகாது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. ஒரு வாய் குடித்தால் தலை கனக்கும். ஒரு சொம்பு குடித்தால் வாந்தி. வெளியூர் போனால் உப்பைக் கையோடு கொண்டுபோய்க் கலந்து குடிக்க வேண்டியிருந்தது. தூத்துக்குடி டீக்கடைகளில் அவர்களுக்கு 'உப்பங்க' என்று பெயர் விழுந்தது. வெளியூரில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நின்றுபோனது. ஊருக்கு வருவதாக இருந்த குடிநீர்க் குழாய் பாதி வழியில் திரும்பி, அந்தப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்குப் போனது. கேட்கப் போனவர்களிடம், "உங்களுக்குத்தான் தேவைப்படாதே" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார்கள்.

மெல்கியோரை அடக்கம் செய்த மறுநாள் மங்கை டாக்டர் வந்தாள். தலைமுடி நரைக்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் வராமல் வேலியோரம் நின்றவளைக் கித்தேரிதான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"கித்தேரி, என்னைத் திட்டணும்னா திட்டிடுங்க" என்றாள் டாக்டர்.

"திட்டினா அவன் வந்திருவானா? எனக்கு ஒண்ணு மட்டும் புரியிற மாதிரிச் சொல்லுங்க. சாதாரணத் தண்ணி எப்படி டாக்டர் ஒரு ஆம்பளையக் கொல்லும்?"

"ஊசி போட்டப்புறம் உங்க சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கு. அதுக்குத் தள்ளத்தான் தெரியும். நிறுத்தத் தெரியாது. உப்பு வந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் பிரச்னை இல்லை. வெறும் தண்ணியா உள்ள போச்சுன்னா, உடம்புல மிச்சமிருக்கிற உப்பையும் தள்ளிடும். அப்போ மூளை தண்ணியை இழுத்து வீங்கிடும். அதான் வலிப்பு."

"நிறுத்தத் தெரியாதுன்னு அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. தெரிஞ்சப்புறம் நாங்க வேற வேலை எதுவும் பார்க்கலை. இத்தனை வருஷமும் அதைத்தான் பார்த்தோம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்போ மாத்துறதுக்கு ஊசி வந்திருக்கு. போட்டா பழையபடி ஆயிடலாம். ஆனா பெரியவங்களுக்கு வேலை செய்யலை. வளர்ற பிள்ளைங்களுக்கு மட்டும்தான்."

அடுப்படியில் கருவாடு கழுவிக்கொண்டிருந்த மகள் ஜெசிந்தா இவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. எப்போதும் ஈரத் தலையோடு, காலில் மணலோடு, கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"அந்த ஊசி போட்டா இந்தத் தண்ணி குடிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"குடிக்க முடியாதும்மா."

"அப்போ எதைக் குடிக்க?"

டாக்டர் கித்தேரியைப் பார்த்தாள். கித்தேரி மகளைப் பார்த்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வலை தைத்துக்கொண்டிருந்த சிலுவையிடம் கித்தேரி சொன்னபோது, அவர் ஊசியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"வேண்டாம்."

"முழுசாக் கேக்காம வேண்டாங்கிறீய."

"கேட்டுட்டேன். ஊசி போட்ட மறு வாரம் பிள்ளை இந்த ஊர்ல இருக்க முடியாது. அதானே? எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பணும். நாம பெத்த பிள்ளை நம்ம வீட்டுக்கு விருந்தாளியா, தண்ணி பாட்டிலோட வரணும். எதுக்குட்டி இது?"

"இங்க இருந்தா என்னாவா? நாளைக்கு அவளை எவன் கட்டுவான்? கட்டினவன் வீட்டுல ஒரு தம்ளர் காப்பி குடிக்க முடியுமா? என் தம்பி குடிச்சாம்லா."

"உன் தம்பி ஊர்ப் பேரை மறைச்சான். மறைச்சதால போனான்."

அந்தச் சொல் கித்தேரியின் நெஞ்சில் குத்தி நின்றது. சிலுவை கெட்ட மனுஷன் இல்லை. வள்ளத்தில் போய் வந்தால் பிடித்ததில் நல்ல மீனைப் பங்காளிக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஆனால் ஊரில் முதலில் கை நீட்டியவர் அவர். ஊசி பிழை என்றால், தான் காட்டிய வழி பிழை என்றாகிவிடும். அது அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று கித்தேரி நினைத்தாள். அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை பேசித் தீர்ந்திருக்கும்.

சிலுவை பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போன நாட்களில், வள்ளம் ஆழ்கடலில் கிடக்கையில், அவள் ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப்போய் ஊசியைப் போட்டுவிட்டாள்.

உடம்பு மாறச் சில நாட்கள் ஆகும் என்று மங்கை டாக்டர் சொல்லியிருந்தாள். அதுவரை இரண்டு தண்ணீரையும் கலந்து கொடுத்து, கொஞ்சங்கொஞ்சமாக உப்பைக் குறைக்க வேண்டும். சாலையோரக் கடையில் கேன் தண்ணீர் வாங்கிவந்து விறகுக்குப் பின்னால் மறைத்து வைத்தாள் கித்தேரி. "அப்பா வந்ததும் நானே பக்குவமாச் சொல்லுதேன். நீ வாயைத் திறக்கக்கூடாது, என்ன?" என்று மகளிடம் சொல்லியிருந்தாள். ஜெசிந்தாவும் தலையாட்டினாள். நல்ல தண்ணீரை முதல்முதலாக முழுசாகக் குடித்த அன்று, "யம்மா, இதுல ஒண்ணுமே இல்லியே. காத்தைக் குடிக்கிற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். பிறகு இன்னும் வேண்டும் என்றாள்.

சிலுவையின் வள்ளம் நினைத்ததைவிட ஒரு நாள் முன்னாடியே கரைக்கு வந்துவிட்டது. கித்தேரி கோயிலைப் பெருக்கப் போயிருந்தாள். வள்ளம் வந்தது தெரிந்ததும் ஜெசிந்தா வழக்கம்போல் கரைக்கு ஓடியிருக்கிறாள். தங்கலுக்குப் போய் வந்தால் சிலுவை முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஊற்றில் செம்பை முக்கித் தானும் குடித்து மகளுக்கும் கொடுப்பார். அன்றும் கொடுத்தார்.

வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பா செம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பிள்ளை வாங்கிக் குடித்தது. ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தியபோது, "என்ன மக்கா, தாகமில்லியா? குடி" என்றார். மிச்சத்தையும் குடித்தாள்.

கித்தேரி துடைப்பத்தோடு கோயில் முற்றத்துக்கு வந்தபோது தூரத்தில் மகள் மணலில் மடங்கி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஜெசிந்தா குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. சிலுவை அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மக்கா, என்ன தின்ன, என்ன தின்ன" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"குடுக்காதீய! இனிமே அந்தத் தண்ணியக் குடுக்காதீய!" என்று கத்தினாள் கித்தேரி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரே பார்வையில் எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த செம்பைக் கடலுக்குள் வீசி எறிந்தார்.

பிள்ளையைத் தூக்கி மோட்டார் பைக்கில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு பக்கத்து ஊரான மேலத்தோப்புக்குப் பறந்தார். அங்கே பள்ளிவாசல் குழாயடியில் நல்ல தண்ணீரை ஊட்டி, முகம் கழுவி, பக்கத்து நர்ஸம்மாவிடம் காட்டி, வெயில் தாழ்ந்த பிறகுதான் கூட்டிவந்தார். வாசலில் இறக்கிவிட்டு, "பிள்ளை உயிரோட இருக்கா. அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், நாளைக்குக் கொண்டுபோய் விடு" என்றார். அதற்கப்புறம் கித்தேரியிடம் அவர் பேச்சு 'சோறு போடு', 'கதவைச் சாத்து' என்ற அளவோடு நின்றுபோனது.

சிலுவையின் அக்கா பெர்னத்து தூத்துக்குடியில் தையற்கடை வைத்திருந்தாள். பிள்ளை இல்லாதவள். ஜெசிந்தாவை ஆசையாகத்தான் வைத்துக்கொண்டாள். ஊரில் மற்றவர்களும் ஒவ்வொருவராக ஊசி போட்டுத் தங்கள் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுப் பவுலீனா தன் இரட்டைப் பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் அடுப்புப் பற்றவைக்காமலே கிடந்தாள். கடைசியில் பள்ளிக்கூடத்தைப் பூட்டி வாத்தியாரை மாற்றிவிட்டார்கள். சாயங்காலங்களில் கரையில் கடலின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

சிலுவை மாதம் ஒருமுறை தூத்துக்குடிக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவார். கித்தேரியும் போவாள். இரண்டு பேரும் சேர்ந்து போனதே இல்லை. ஜெசிந்தா வளர்ந்தாள். பாவாடை போய் சுடிதார் வந்தது. பேச்சில் ஊர் வாடை குறைந்தது. அத்தை வீட்டில் சோறு சப்பென்று இருப்பதாக முதலில் சொன்னவள், பிறகு அம்மா செய்துகொண்டு வரும் குழம்பு கரிப்பதாகச் சொன்னாள். கித்தேரிக்கு அது வலித்தது. வலித்தாலும், இதற்காகத்தானே அனுப்பினோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வகுப்புத் தோழி வீட்டில் பிறந்தநாளுக்குப் போய் வந்ததை ஒருநாள் மகள் சொன்னாள். என்ன குடித்தாய் என்று கித்தேரி கேட்டாள். "ரோஸ்மில்க்" என்றாள் ஜெசிந்தா, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி. கித்தேரி பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்த ரோஸ்மில்க்கையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்தடுத்து மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. ஆற்றில் தண்ணீர் வரவில்லை. தூத்துக்குடியில் வாரத்துக்கு ஒரு தடவை வந்த குழாய், மாதத்துக்கு ஒரு தடவை என்றாகி, அதுவும் நின்றது. பெர்னத்து வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லை என்று கேள்விப்பட்டபோது கூடக் கித்தேரிக்கு விபரீதமாக எதுவும் தோன்றவில்லை. பட்டணத்துக்கு எப்படியாவது தண்ணீர் கொண்டுவந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள்.

ஒருநாள் சாயங்காலம் ஜெசிந்தாவிடமிருந்து போன் வந்தது.

"யம்மா, இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஊசி போட்டாவ."

ரொம்ப நாளைக்கப்புறம் அவள் வாயில் ஊர்ப் பேச்சு வந்ததை வைத்தே பிள்ளை பயந்திருக்கிறாள் என்று கித்தேரிக்குத் தெரிந்தது. "என்ன ஊசி?"

"நம்ம ஊர் ஊசி. தெருத்தெருவா வந்து போடுறாவம்மா. இனிமே குழாய்ல கடல் தண்ணிதான் வருமாம். அத்தையும் போட்டுக்கிட்டாவ. என்னை மட்டும் வரிசையில இருந்து எடுத்துத் தனியா உக்கார வச்சுட்டாவ."

"ஏன்?"

"தெரியல. கேட்டா வீட்டுல சொல்லுவோம்கிறாவ."

கித்தேரி மங்கை டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் விளக்கம் எதுவும் சொல்லாமல், "நானே வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் வந்தபோது அவள் இடது மணிக்கட்டில் நீலப்பட்டை இருந்தது. கித்தேரி அதையே பார்த்தாள்.

"ஆமா. நானும் போட்டுக்கிட்டேன்" என்றாள் டாக்டர். "மத்தவங்களுக்குப் போடச் சொல்லிட்டு நான் போடாம இருக்க முடியலை."

சிலுவை கரையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை.

"எங்களுக்கு ஆன மாதிரி அவங்களுக்கும் ஆகும்லா?" என்று கேட்டாள் கித்தேரி. "தெரிஞ்சுமா போடுறீய?"

"வேற வழி இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஒரு ஊர் இதைக் குடிச்சு இத்தனை வருஷம் உயிரோட இருக்குன்னு எடுத்துக்காட்டா உங்களைத்தான் காட்டினாங்க. எல்லாரும் மாறிட்டா நல்ல தண்ணியால வர்ற ஆபத்து இல்லைன்னாங்க. நல்ல தண்ணியே இருக்காதில்லையா."

"மெல்கியோரையும் காட்டினாவளா?"

டாக்டர் மணிக்கட்டிலிருந்த பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சரி. என் பிள்ளைக்கு ஏன் போடலை? அதைச் சொல்லுங்க. போட்டுட்டா அவளும் எல்லாரை மாதிரி இருந்திருவா. இங்கயும் வந்திருவா." அப்படிச் சொல்லும்போது கித்தேரியின் குரலில் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. மகள் திரும்பி வருவாள். ஊற்றுத் தண்ணீர் குடிப்பாள். இத்தனை வருஷம் நடந்தது நடக்காததாகிவிடும்.

"முடியாது கித்தேரி."

"ஏன் முடியாது?"

"இந்த மருந்தை உடம்புக்குள்ள கொண்டுபோக ஒரு கிருமியை வண்டி மாதிரி உபயோகப்படுத்துறோம். ஒரு தடவை உள்ளே போன வண்டியை உடம்பு ஞாபகம் வச்சுக்கும். மறுபடி வந்தா எதிரின்னு அடிக்கும், அந்த அடியில பிள்ளையே போயிடும். எங்க கையில இருக்கிறது ரெண்டே வண்டிதான். ஒண்ணு பிறந்தப்போ போனது. இன்னொண்ணு மாத்துறப்போ போனது. ஜெசிந்தாவுக்கு இனி எதுவும் போட முடியாது."

"அன்னைக்கு இதைச் சொல்லலியே."

"அன்னைக்கு மறுபடி போட வேண்டி வரும்னு யாரும் நினைக்கலை."

வாசற்படியிலிருந்து சிலுவை முதல்முறையாகப் பேசினார். "அப்போ எம்மவ என்ன குடிப்பா?"

"நல்ல தண்ணி கடையில கிடைக்கும்." டாக்டர் சொல்லிவிட்டுத் தானே தலையை ஆட்டிக்கொண்டாள். "கொஞ்ச நாளைக்குக் கிடைக்கும். எல்லாரும் மாறினப்புறம் யாருக்காக விப்பாங்கன்னு தெரியலை. மாத்தூசி போட்ட பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு ஏற்பாடு செய்யணும்னு கேட்டிருக்கேன். கோரைமுனைப் பிள்ளைங்க மட்டும்தானே, கொஞ்சம் பேர்தானேன்னு..." என்று இழுத்தாள்.

"கொஞ்சம் பேர்தான்" என்றார் சிலுவை. "நாங்களும் கொஞ்சம் பேராத்தான் இருந்தோம்."

டாக்டர் எழுந்தாள். போகும்போது கித்தேரியின் தோளைத் தொடக் கையை நீட்டி, தொடாமலே எடுத்துக்கொண்டாள்.

கித்தேரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன் கையாலேயே மகளைக் கொண்டுபோய் அந்த அறையில் உட்காரவைத்ததும், ஊசி இறங்கியபோது பிள்ளை தன் முந்தானையைக் கடித்துக்கொண்டதும் கண்முன்னால் வந்தன. சிலுவை இப்போது சொல்லட்டும், எதை வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். வருஷக்கணக்காக அடக்கிவைத்த ஏச்செல்லாம் இன்றைக்கு வரும் என்று நினைத்தாள்.

சிலுவை உள்ளே வந்து அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். பிறகு, "போய்ப் பிள்ளையைக் கூட்டிட்டு வருவோம். இனி அங்கயும் உப்புத் தண்ணிதான், நம்மகூடயாவது இருக்கட்டும். ரெண்டு பேரும் போவோம்" என்றார்.

தூத்துக்குடியில் பெர்னத்து இரண்டு பிளாஸ்டிக் கேன் நல்ல தண்ணீரைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். கடைக்காரன் அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டானாம். தையல் மிஷின் மேல் வைத்திருந்த அவள் கையிலும் புது நீலப்பட்டை. "கித்தேரி, என்னால முடிஞ்சத எல்லாம் செய்தேன்" என்று அழுதாள். ஜெசிந்தா அழவில்லை. பாட்டிலைத் திறந்து தொண்டை நனைகிற அளவு குடித்துவிட்டு மூடினாள். அப்படிக் கணக்குப் பார்த்துக் குடிக்க அவள் எப்போது பழகினாள் என்று கித்தேரிக்குத் தெரியவில்லை.

அவர்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது பவுலீனாவின் இரட்டையர் உட்பட வேறு பிள்ளைகளும் திரும்பி வந்திருந்தார்கள். வெளியூரில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள். பூட்டிக்கிடந்த பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் கேன்களை ஒன்றாக அடுக்கி வைத்தார்கள். பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். வளர்ந்த பிள்ளைகள். சொந்த ஊரில் அந்நியர்போல விழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி பிறந்து, கிழக்கே மேகம் திரண்டது. இத்தனை வருஷம் ஏமாற்றிய மேகம்தான். ஆனாலும் காற்றில் ஈரவாடை இருந்தது. சிலுவை கரையில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"வள்ளத்தைக் கழுவணும். நீயும் வா" என்றார் கித்தேரியிடம்.

"எதுக்கு?"

"மழை பெய்தா பிடிச்சு வைக்க நம்ம ஊர்ல என்ன இருக்கு? தொட்டி இருக்கா? குளம் இருக்கா? குடமும் சட்டியும் எத்தனை நாளைக்கு வரும்? தோண்டினா உப்பு ஊறும். வள்ளம்தான் இருக்கு."

முதலில் அவர் வள்ளத்தை மட்டும்தான் மேட்டுக்கு இழுத்தார்கள். எஞ்சினைக் கழற்றி, பலகைகளை எடுத்துவிட்டு, உள்ளே தேங்காய் நாரால் தேய்த்தார்கள். பவுலீனாவின் புருஷன் பார்த்துவிட்டுத் தன் வள்ளத்தையும் இழுத்தார். சாயங்காலத்துக்குள் ஊரிலுள்ள வள்ளமெல்லாம் கடலை விட்டு வந்து மேட்டில் வரிசையாக வானத்தைப் பார்த்துக் கிடந்தன. பிள்ளை இல்லாதவர்கள்கூட இழுத்துவிட்டிருந்தார்கள். அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகவில்லை.

மழை விடியும்போது வந்தது. சாரலாகத் தொடங்கி, அப்புறம் சரம்சரமாகக் கொட்டியது. நல்ல தண்ணீர் உடம்புக்கு ஆகாத ஊர்க்காரர்கள் எல்லோரும் வாயை இறுக மூடிக்கொண்டு மழையில் நின்றார்கள். வள்ளங்களில் விரலளவு தண்ணீர், பிறகு கணுக்கால் அளவு. கித்தேரி ஒரு தம்ளரால் மொண்டு நாக்கில் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அவள் நாக்குக்கு உப்புத் தண்ணீரும் வெறும் தண்ணீர்தான். சிலுவையும் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அது பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர்தானா என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் வழியில்லை.

"ஜெசிந்தாவைக் கூப்பிடு" என்றார் சிலுவை.

மழை சற்று விட்டிருந்தது. ஜெசிந்தா தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தம்ளரை வாங்கி, கண்ணை மூடி, ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது. துப்பாமல் விழுங்கினாள்.

"எப்படி மக்கா இருக்கு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மேட்டில் தண்ணீரோடு நின்ற வள்ளங்களையெல்லாம் பார்த்தாள்.

"கரிக்குதுப்பா" என்றாள்.

எத்தனையோ வருஷம் கடலில் ஊறிய வள்ளம். தேய்த்தால் போகிற உப்பா அது? பவுலீனா தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.

சிலுவை வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கித்தேரியைப் பார்த்தார். அவள் போய் அந்தப் பக்கம் பிடித்தாள். இரண்டு பேருமாக வள்ளத்தைச் சாய்த்தார்கள். அத்தனை தண்ணீரும் மணலில் கொட்டிக் கடலை நோக்கி ஓடியது. கித்தேரி நாரை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கி மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். மற்ற வள்ளங்களும் ஒவ்வொன்றாகச் சாயும் சத்தம் கேட்டது. கிழக்கே வானம் இன்னும் கறுத்துத்தான் இருந்தது.